தீர்ப்பு ஏட்டிலா, நிலத்திலா?
குத்தகை உழவர் உரிமை வரலாற்றில் ஒரு பாடம்

திருவாதவூர் என்ற பெயரைக் கேட்டதும் தமிழறிந்தோர் நெஞ்சில் முதலில் எழுவது மணிவாசகப் பெருமானின் நினைவே. குதிரை வாங்கக் கொடுத்த பொன்னுக்குப் பாண்டியன் கணக்குக் கேட்டதும், வாதவூரரை வெயிலில் நிறுத்தியதும், நரிகள் பரிகளானதும் நம் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்பே கேட்டறிந்த கதைகள். திருமறைநாதர் கோயிலைக் காண வெளியூரார் வருகின்றனர், வியந்து செல்கின்றனர். ஆனால் அக்கோயிலைச் சூழ்ந்து விரிந்து கிடக்கும் வயல்களில் தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் இறங்கியவர்களின் வரலாறு எந்தப் புராணத்திலும் எழுதப்படவில்லை. அதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்துரைக்க விரும்புகிறேன். நிலவுடைமையாளருக்கும் குத்தகைக்கு உழுதவருக்கும் எழுந்த வழக்குகளில், தீர்ப்பு கிடைத்த பின்னர் அத்தீர்ப்பு நிலத்தில் நிறைவேறியதா என்பதே அப்பகுதி.

மஞ்சள் பையில் ஒரு தீர்ப்பு

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் நடந்த ஒரு நிகழ்ச்சி இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. என் வகுப்பு மாணவன் ஒருவனுடைய பாட்டனார் ஒரு மாலையில் பள்ளிக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் துணியில் சுற்றிய ஒரு காகிதக் கட்டு. "வாத்தியாரையா, இது கோர்ட்டில எங்களுக்குக் கொடுத்தது. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். ஆங்கிலத்தில் அமைந்த தீர்ப்பாணை அது. அதன் முதற்பக்கத்தில் மஞ்சளும் குங்குமமும் தடவியிருந்தது. பெட்டியில் வைத்து ஒவ்வோர் ஆண்டும் பொங்கலன்று எடுத்துப் பூசை செய்து வந்தாராம்.

படித்துப் பார்த்தேன். குத்தகை நிலத்திலிருந்து அவரை முறையின்றி வெளியேற்றியது செல்லாது. நிலத்தின் சுவாதீனத்தை அவருக்குத் திருப்பித் தரவேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. வழக்கில் அவர் வென்றிருந்தார். ஆனால் தீர்ப்பு வழங்கப்பட்டு 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. நிலம் அவர் கைக்கு வரவே இல்லை. தீர்ப்பை நிறைவேற்றித் தருமாறு தனியாக ஒரு மனுப் போட வேண்டும் என்பதையோ, அதற்கு 12 ஆண்டுகளே கெடு என்பதையோ அவருக்கு எவரும் சொல்லவில்லை. தீர்ப்பு வந்துவிட்டால் சர்க்காரே வந்து நிலத்தைக் கொடுக்கும் என்று அவர் காத்திருந்தார்.

"செயிச்சதுதானே ஐயா?" என்று கேட்டார். "ஆம் ஐயா, வெற்றிதான்" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு நா எழவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்கே சென்று உள்ளதைச் சொன்னேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. காகிதத்தை வாங்கி மீண்டும் துணியில் சுற்றி வைத்தார். அன்று முதல் என்னுள் எழுந்த கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

நம்மீதே நிறைவேற்றப்பட்ட தீர்ப்புகள்

தீர்ப்பை நிறைவேற்றுதல் என்பது நம் மக்களுக்குப் புதிய செய்தியன்று. ஒரு காலத்தில் தீர்ப்புகள் நம்மீதே நிறைவேற்றப்பட்டன. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் இயற்றப்பட்டது. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகவோ, குத்தகை அல்லது நிலவரிப் பாக்கியை வசூலிப்பதற்காகவோ, அடிமை என்ற பெயரால் எந்த மனிதரையும் எந்த அரசு அலுவலரும் விற்கக் கூடாது என்பது அச்சட்டத்தின் முதற்பிரிவு. விற்கக் கூடாது என்று சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்பு நிலை என்ன என்பதை வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். மாடும் ஏரும் போல மனிதரும் கடனுக்கு ஈடாயினர். அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு, தன் உழைப்பால் ஒருவர் ஈட்டிய பொருளை அவர் அடிமை என்று காரணங்காட்டிப் பறிக்கக் கூடாது என்றது. 1862 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது.

அடிமைத்தளை சட்டத்தில் அறுந்தது, நிலத்தில் அறுபடவில்லை. நிலமில்லாதவன் பண்ணையாளாகவோ வாரத்துக்கு உழுபவனாகவோ நின்றான். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர், 1891-இல் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் ஆணை பிறந்து, தாழ்த்தப்பட்டோருக்கென நிலங்கள் ஒதுக்கப்பட்டன. இவற்றையே பஞ்சமி நிலம் என்கிறோம். அந்நிலங்களைப் பிற வகுப்பாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆயினும் எத்தனையோ இடங்களில் அவை கைமாறிப் போயின. அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். ஆணை பிறந்து நூறாண்டுகள் கடந்த பின்னும் அதை நிறைவேற்றக் கோருவதற்கு உயிர் கொடுக்க வேண்டியிருந்தது.

குத்தகை உழவருக்குச் சட்டம் வந்த கதை

1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பப்பட்டது. மேலூர் வட்டாரத்து வானம் பார்த்த பூமி நன்செய்யாயிற்று. நீர் வந்ததும் நிலத்துக்கு மதிப்பு வந்தது. மதிப்பு வந்த நிலத்தை உழுதவனுக்கு மட்டும் உறுதி வரவில்லை. வாய்ச்சொல்லால் குத்தகை, வாய்ச்சொல்லால் வெளியேற்றம், விளைச்சலில் பாதியும் அதற்கு மேலும் மேல்வாரம். 1908-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட்டு நிலச் சட்டம் ஜமீன் பகுதிக் குடியானவர்களுக்கு உரிமை தந்தது. ஆனால் அக்குடியானவரிடமிருந்து நிலத்தை வாங்கி உழுத கீழ்க்குத்தகைதாரருக்கு ஒன்றும் தரவில்லை. ரயத்துவாரிப் பகுதியில் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பே இல்லை.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பம்பாய் மாகாணத்தில் கொங்கணப் பகுதியின் கோத்தி முறையை ஒழிக்க 1937-இல் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1938 சனவரியில் பல்லாயிரம் உழவர்கள் அவர் தலைமையில் பம்பாய்ச் சட்டமன்றத்தை நோக்கி நடந்தனர். சாதி ஒழிப்பையும் நில உரிமையையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

விடுதலைக்குப் பின் 1952 ஆகஸ்டில் இராஜாஜி அமைச்சரவை தஞ்சை மாவட்டத்துக்கு மட்டும் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மதுரை மாவட்டத்து உழவர் மேலும் மூன்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1955-இல் சென்னைச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தன் உடலுழைப்பாலோ தன் குடும்பத்தார் உழைப்பாலோ பயிரிடுபவரே சாகுபடிக் குத்தகைதாரர் என்று அது வரையறுத்தது. குத்தகையைச் செலுத்தத் தவறுதல், நிலத்தைப் பாழாக்குதல், வேறு காரியத்துக்குப் பயன்படுத்துதல், உடைமையாளரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல் போன்ற காரணங்கள் இருந்தாலன்றி அவரை வெளியேற்ற முடியாது. அவ்வழக்கை விசாரிப்பவர் கோட்டாட்சியர். 1953 திசம்பர் 1 அன்று நிலத்தில் இருந்து, பின்னர் வெளியேற்றப்பட்டவர் மீண்டும் நிலத்தைக் கேட்டுப் பெறவும் அச்சட்டம் வழி வைத்தது. ஆனால் அதற்கு மனுச் செய்யக் கிடைத்த காலம் 30 நாட்களே. சட்டம் வந்த செய்தி சேரிக்கு வந்து சேர்வதற்கே அந்த முப்பது நாட்கள் போதுமா?

1956-இல் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செய்க்கு விளைச்சலில் 40 விழுக்காடு என வரம்பிட்டது. பின்னர் அது 25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கோயில், மடம், அறக்கட்டளை நிலங்களுக்கென 1961-இல் தனிச்சட்டம் வந்தது. குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு 1969-இல் ஒரு சட்டமும், குடியிருப்பு மனையை அதில் வாழும் வேளாண் தொழிலாளருக்கே உரிமையாக்க 1971-இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டன. சட்டங்களை அடுக்கிப் பார்த்தால் ஏணிப்படிகள் போலத் தோன்றுகின்றன. அப்படிகளில் ஏறியவர் எத்தனை பேர் என்பதே கேள்வி.

தீர்ப்பு எவ்வாறு நிறைவேறுகிறது

இனி, உரிமையியல் நீதிமன்றத்தின் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் இளைஞர்கள் இதை அறிந்திருப்பது நலம்.

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 21-ஆவது கட்டளை முழுவதும் தீர்ப்பை நிறைவேற்றுவது பற்றியதே. வென்றவர் நிறைவேற்று மனுத் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் ஒப்படைப்பு ஆணை பிறப்பிக்கும். அமீனா அந்த ஆணையோடு நிலத்துக்கு வந்து, எல்லை பார்த்து, தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் விலக மறுத்தால் அவரை விலக்கி, வென்றவரிடம் நிலத்தை ஒப்படைப்பார். எவரேனும் தடுத்தால் அமீனா தடையை எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார். வென்றவர் அத்தடையை நீக்கக் கோரி 30 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். தடுத்தவர் நியாயமான காரணமின்றித் தொடர்ந்து தடுத்தால் 30 நாள் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

அதே சட்டத்தில் வேறொரு விதியும் உண்டு. குத்தகைதாரர் அனுபவத்தில் உள்ள நிலம் வழக்கினால் ஓர் உடைமையாளரிடமிருந்து மற்றோர் உடைமையாளருக்குப் போகுமானால், வெளியேற வேண்டாத குத்தகைதாரரை வெளியேற்றக் கூடாது. ஆணையின் நகலை நிலத்தில் ஒட்டி, தீர்ப்பின் சாரத்தைப் பறையறைந்தோ வேறு வழக்கமான முறையிலோ அவருக்கு அறிவித்தால் போதும். பறையறைந்தவர் நம்மவர். கேட்டுக்கொண்டு நின்ற உழவரும் பல ஊர்களில் நம்மவரே. நிலம் யாருக்கு என்பதை ஊருக்கு அறிவிக்கும் பணி நமக்கு இருந்தது. நிலம் நமக்கு என்று அறிவிக்கும் நாள் மட்டும் அரிதாகவே வந்தது.

தீர்ப்புக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட இத்தூரத்தை நீதிமன்றங்களே ஒப்புக்கொண்டுள்ளன. தர்பங்கா ஜமீன் தொடர்பான வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில், இந்தியாவில் வழக்காடுபவரின் இடர்ப்பாடுகள் தீர்ப்பாணை கிடைத்த பிறகே தொடங்குகின்றன என்ற கருத்தை 1872-லேயே வெளியிட்டது. 2025 மார்ச்சு 6 அன்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு நில வழக்கில் உச்சநீதிமன்றம் அதே குறையை எடுத்துக்காட்டி, நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்குமாறு பணித்தது. நாடெங்கும் நிலுவையில் உள்ளவற்றின் கணக்கையும் கேட்டது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த கணக்கின்படி 8,82,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் நிலுவையில் இருந்தன. ஒவ்வொரு மனுவுக்குப் பின்னாலும் மஞ்சள் பையோடு ஒருவர் நிற்கிறார் என்றே எனக்குத் தோன்றியது.

அந்த 2025 வழக்கில் நமக்கு மற்றொரு பாடமும் உண்டு. அங்கே நிலத்தை ஒப்படைக்கவிடாமல் தடுத்தவர்கள் தாங்கள் சாகுபடிக் குத்தகைதாரர்கள் என்று வாதிட்டனர். உச்சநீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஏழை உழவனுக்காக வந்த சட்டத்தை உழாதவர் கேடயமாக எடுத்தால், உண்மையில் உழுதவன் வந்து நிற்கும்போது அவன் சொல்லும் ஐயத்துக்கு உள்ளாகிறது. நம்மவரும் இதை மனத்திற்கொள்ள வேண்டும். தீர்ப்பு நமக்கு எதிராக வருமானால் மேல்முறையீடு செய்யலாம்; தடுத்து நிற்பது முறையன்று. பிறர் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்று கேட்கும் நாம், நாமும் கட்டுப்பட்டவர்களே.

மூன்று சான்றுகள்

பெரியபுராணத்தில் சுந்தரர் தடுத்தாட்கொள்ளப்பட்ட வரலாறு ஒரு வழக்கின் வரலாறே. முதியவர் ஒருவர் மணப்பந்தலில் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஆளோலை காட்டுகிறார். சுந்தரர் அதைக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. வழிவழியாக வந்த ஆட்சி, எழுதப்பட்ட ஆவணம், அயலார் சாட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு அவையோர் கேட்கின்றனர். கிழிந்தது படியோலையே, மூல ஓலையை முதியவர் பத்திரமாக வைத்திருந்தார். வழக்கு முடிந்தது.

பக்தி நூலில் வந்தாலும் நீதிமன்றம் இன்று கேட்பதும் அதே மூன்றைத்தான். நம் முன்னோரிடம் ஆட்சி இருந்தது. நூறாண்டு உழுத காலடித்தடம் இருந்தது. ஆனால் அடங்கலில் பெயர் இல்லை. அடங்கலை எழுதிய கர்ணம் பதவி பரம்பரையாகச் சில குடும்பங்களிடமே இருந்தது. அம்முறை 1980-இல்தான் ஒழிந்தது. ஆவணம் இல்லை, குத்தகை நெல்லை அளந்தவருக்கு இரசீது கொடுப்பது வழக்கமில்லை. அயலார் சாட்சி இருந்தது. ஆனால் அந்த அயலாரும் அதே உடைமையாளரின் நிலத்தை நம்பிப் பிழைத்தவர்களே. ஆகவே வழக்கில் தோற்றவர் பலர். வென்ற சிலரும் அடுத்த படியை அறியாமல் நின்றனர். மேல்மன்றத்துக்குப் போவதென்றால் சென்னைக்கு இரயிலேற வேண்டிய நிலை 2004 சூலை 24 வரை இருந்தது. அன்றுதான் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நம் மேலூர்ச் சாலையில் உலகனேரியில் திறக்கப்பட்டது. இன்று நம் ஊரிலிருந்து பேருந்தில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

நாம் செய்ய வேண்டுவன

வரலாறு படிப்பது கண்ணீர் விடுவதற்காக அன்று. இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வந்துள்ளது. அந்த எழுத்தறிவு வீட்டுப் பெட்டியில் உள்ள காகிதத்தையும் தொடவேண்டும்.

குத்தகை கொடுத்தால் இரசீது கேட்டுப் பெறுக. உடைமையாளர் குத்தகையை வாங்க மறுத்தால் உரிய மன்றத்தில் செலுத்தச் சட்டம் இடம் தருகிறது. பாக்கி என்ற ஒரு காரணமே பலரை நிலத்திலிருந்து அகற்றியது என்பதை மறவாதீர். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைதாரர் பதிவேட்டில் பெயர் உள்ளதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்த்து, இல்லையேல் மனுச் செய்க. தீர்ப்பு கிடைத்தால் அதன் சான்றிட்ட நகலைப் பெற்று, காலந்தாழ்த்தாமல் நிறைவேற்று மனுப் போடுக. 12 ஆண்டு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்கவும் வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பட்டியல் வகுப்பினர் ஒவ்வொருவருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளித்துள்ளது. நம் மக்களை நிலத்திலிருந்து முறையின்றி வெளியேற்றுவதும், நில நீர் உரிமையில் குறுக்கிடுவதும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் உள்ள முதியோர் பெட்டியில் இருக்கும் பத்திரம், பட்டா, இரசீது, தீர்ப்பு ஆகியவற்றைப் படித்துக் காட்டுங்கள். எந்தத் தேதியில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தெரியாததைச் சட்ட உதவி மையத்தில் கேட்டுத் தெளியுங்கள். தேர்வில் பெறும் மதிப்பெண்ணினும் இது சிறிய பணியன்று.

அந்த முதியவர் இன்று இல்லை. அவர் காகிதத்தைப் படித்துக் காட்ட ஒருவர் இரண்டாண்டுகளுக்கு முன்பு கிடைத்திருந்தால் அவர் நிலத்தில் அவர் பேரன் ஏர் பூட்டியிருப்பான். நான் இரண்டாண்டு தாமதமாக வந்த ஆசிரியன். இனி எந்தப் பெரியவருக்கும் அத்தாமதம் நேராதிருக்க வேண்டும். அதற்காகவே கல்வி, அதற்காகவே இச்சங்கம். இது பொன்விழாக் காணும் நாளில், நம் தெருவில் படிக்கப்படாத தீர்ப்பு ஒன்றுகூட இல்லை என்று அன்றைய மலரில் எவரேனும் எழுதுவாராக.